ஆறு தட்டுப் பெயர்

கேன்டீனில் மதியச் சாம்பார் வாடை அடங்குவதற்குள் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் மேக்ஸ்வெல், சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கைச் செருகிக்கொண்டு, "எல்லாரும் கையைத் தூக்குங்க" என்றார். முப்பத்திரண்டு பேர் தூக்கினார்கள். அதில் பாதிக் கைகள் தோல் உரிந்து வெளுத்திருந்தன. அவர் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"டை – மெ – தில் – ஃபார் – ம – மைடு. ஆறு சிலபிள். ஒரு சிலபிளுக்கு ஒரு தட்டு. ஜாலியா தட்டுங்க பார்ப்போம்!"

தட்டினார்கள். மீசை நரைத்தவர்களும், பேரன் எடுத்தவர்களும், பால்வாடியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் போல ஆறு தடவை தட்டினார்கள். ஆரோக்கியசெல்வி மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள். இன்னா கருமம் இது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

குருபரப்பள்ளியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தத் தொழிற்சாலை, மருந்துக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் செய்து கொடுப்பது. போன வருடம் ஆய்வுக்கு வந்த வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஒரு டிரம்மைக் காட்டி, அதில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தொழிலாளர்களுக்குத் தாங்கள் கையாளும் பொருளின் பெயர்கூடத் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த ஆய்வு பிப்ரவரியில். அதற்கு மேலாளர் விஜயகுமார் கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்தக் கைதட்டல்.

ஆரோக்கியசெல்விக்கு அந்தப் பெயர்கள் புதிதல்ல. பதினைந்து வருடமாக அவற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எலத்தகிரியில் பிறந்தவள். பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடமும் தேறி, ஆங்கிலத்தில் நான்கு மதிப்பெண்ணில் கோட்டை விட்டாள். வெல்டர் பிரகாசத்தைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து, வாடகை வீட்டில் ஒண்டி, இந்தக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்தாள். பிறகு ஸ்டோரில் லேபிள் ஒட்ட ஆள் வேண்டும் என்று இழுத்துக்கொண்டார்கள்.

அங்கே சேர்ந்த முதல் வாரம் நடந்ததை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. ஸ்டோர் அதிகாரி ஒரு டிரம்மைக் காட்டிப் படிக்கச் சொன்னார். அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டி, "டிமெத்த... டிமெத்தை..." என்று திணறினாள். அந்த ஆள் பக்கத்து அறையிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டு, "இன்னொரு தரம் சொல்லும்மா, இவங்களும் கேக்கட்டும்" என்றார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த நான்கு பேரின் பல்லும் அவளுக்கு நினைவிருந்தது.

வீணாய்ப்போன லேபிள்களை அன்று மாலையே வீட்டுக்கு எடுத்துப்போனாள். கத்தரிக்கோலால் பெயர்களைத் துண்டு துண்டாக வெட்டி, பிரகாசத்தின் பழைய கூலி நோட்டில் ஒட்டி, ஒவ்வொரு துண்டின் கீழும் தமிழில் எழுதிக்கொண்டாள். முதலில் மூச்சு எங்கே நின்றதோ அங்கே வெட்டினாள். நீளமான பெயர் என்றால் ஏழெட்டுத் துண்டு விழும். துண்டுகளை மறுபடி சேர்த்தால் பாதி நேரம் வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் சுஜாதா என்று ஒரு வேதியியல் பட்டதாரி இருந்தாள். செல்வியைவிடப் பத்து வயது சின்னவள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இப்படி வெட்டுனா உசுரு போயிடும். இது இட்டு வச்ச பேரு இல்ல, கோத்து வச்ச பேரு. கோத்த எடத்துல பிரிங்க" என்றாள். கத்தரிக்கோலை வாங்கி நான்கே துண்டாக வெட்டினாள். டை. மெத்தில். ஃபார்ம். அமைடு.

"டை-ன்னா ரெண்டு. மெத்தில்ங்கிற துண்டு ரெண்டு ஒட்டியிருக்குன்னு அர்த்தம். ஃபார்ம்ங்கிறது எறும்பு."

"எறும்பா?"

"ஆமா. எறும்பு கடிச்சா எரியுதில்ல, ஃபார்மிக் ஆசிட்னு ஒண்ணு. அந்தக் காலத்துல எறும்பைக் காய்ச்சித்தான் எடுத்தாங்களாம். அங்கருந்து வந்த பேரு. அசெட்னு இருந்தா காடி, வினிகர். இப்படியே பிரிச்சுப் பாருங்க, எது எதுக்குச் சொந்தம்னு அதுவே சொல்லிடும்."

அன்றிலிருந்து டிரம்மின் மேல் இருக்கும் எந்தப் பெயரும் செல்வியை மிரட்டவில்லை. இரண்டே வருடத்தில் ஸ்டோரில் இருந்த நூற்றுச் சொச்சம் பெயர்களையும் மூட்டில் பிரித்து மூட்டில் சேர்க்கப் பழகிவிட்டாள். ஒரு துண்டு மாறி லேபிள் வந்தால் லாரி நிற்கும்போதே பிடித்துவிடுவாள். அவளுக்கு யாரும் அதற்காகச் சம்பளம் கூட்டிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதனால்தான் அந்த வகுப்பில் அவளால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார முடியவில்லை.

மேக்ஸ்வெல் அடுத்த பெயரைத் திரையில் போட்டார். "இது டை – மெ – தில் – அ – சிட் – அ – மைடு. ஏழு தட்டு. ஆறு தட்டுனா அது, ஏழு தட்டுனா இது. குழப்பமே வராது!"

செல்வி எழுந்தாள். "சார், தட்டை எண்ணிகினு இருந்தா கை தப்புனா போச்சுங்களே. ஃபார்ம், அமைடுன்னு பிரிச்சுச் சொல்லிக் குடுங்க சார். அதுல ஃபார்ம், இதுல அசெட். நடுத்துண்டு ஒண்ணைப் பார்த்தாப் போதும்."

மேக்ஸ்வெல் புன்னகை மாறாமல், "மேடம், நீங்க சொல்றது கெமிஸ்ட்ரி. இது ப்ரொனன்சியேஷன் கிளாஸ். ஃபார்ம்னு நிறுத்தக் கூடாது. வாய் எப்படிப் போகுதோ அப்படித்தான் பிரிக்கணும். ஃபார். ம. மைடு" என்றார்.

"அந்த 'ம'வுக்கு இன்னா சார் அர்த்தம்?"

"அர்த்தம் எதுக்கு மேடம்? சவுண்டு வந்தாப் போதும்."

பின்வரிசையில் நின்றிருந்த விஜயகுமார், "செல்விம்மா, உக்காருங்க. டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு மணி நேரம் ராமப்பன் மாட்டிக்கொண்டார். ஐம்பத்தேழு வயது சூப்பர்வைசர். ஆரம்ப காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் வேலை கற்றவர். மெத்தில் என்பதை அவர் 'மீதைல்' என்றுதான் சொல்வார். "ராங்! அது பழைய உச்சரிப்பு. மெ-தில். சொல்லுங்க" என்று மேக்ஸ்வெல் அவரை எல்லோர் முன்னாலும் இருபது முறை சொல்ல வைத்தார். கடைசியில் ராமப்பனுக்கு மெத்திலும் வரவில்லை, மீதைலும் வரவில்லை. இளவட்டங்கள் சிரித்தார்கள். செல்விக்கு ஸ்டோரில் பார்த்த பழைய பற்கள் கண்முன்னே வந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இத்தனை அமளிக்கும் காரணமான அந்த ஆறு தட்டுத் திரவத்தை மருந்துச் சரக்கைக் காய்ச்சும் உலையில் ஊற்றுகிறவன் ஒப்பந்தத் தொழிலாளி திம்மராயன். தளிக்கு அந்தப் பக்கம், காட்டோரம் இருக்கும் ஜவளகிரிக்காரன். முப்பத்தைந்து வயது. வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், கம்பெனியில் தமிழ். தண்ணீர் போல இருக்கும் அந்தச் சரக்கு லேசாக மீன் வாடை அடிக்கும் என்பதால், அவனும் அவனோடு வேலை செய்தவர்களும் அதற்கு 'மீனு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "ரெண்டு டிரம் மீனு குடுக்கா" என்றுதான் ஸ்டோரில் வந்து கேட்பான்.

அவன் நிற்கும் அறையின் காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறி ஐப்பசியில் நின்றுபோயிருந்தது. கையுறை கேட்டால் வாரத்துக்கு ஒரு ஜோடி. அதுவும் இரண்டாம் நாளே விரலிடுக்கில் பிய்ந்துவிடும். இந்த வகுப்புக்கெல்லாம் முன்பே, தீபாவளி கழிந்து ஒருநாள் அவன் ஸ்டோர் வாசலில் சாய்ந்து நின்று சொன்னான்:

"அக்கா, எனுக்கு இன்னாவோ ஆயிடுச்சு. சோறு எறங்க மாட்டேங்குது. மேல் வயிறு வலிச்சிகினே கீது. ஞாயித்துக்கெழம மச்சானோட ஒரு டம்ளர் பீர்தான் குடிச்சன். மூஞ்சியெல்லாம் ரத்தம் ஏறி நெருப்பாட்டம் ஆயிடுச்சு. பேய் புடிச்சிகிச்சுன்னு வூட்ல காவேரி அழுவுறா."

செல்வி அன்றே சரக்கோடு வரும் பாதுகாப்புத் தாளைச் சுஜாதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். தோல் வழியாக உள்ளே போகும். ஈரலைக் கெடுக்கும். பசி போகும். குடித்தால் முகம் சிவக்கும். ஒவ்வொரு வரியும் திம்மராயனைப் பார்த்து எழுதியது போலிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு விஜயகுமாரின் அறைக்குப் போனாள்.

அவர் தாளைத் தொடவில்லை. "ஆடிட் முடியட்டும் செல்விம்மா. எல்லாம் லிஸ்ட்ல இருக்கு."

"ஃபேன் மட்டுமாவது சார்..."

"அதான் சொல்றேனே, லிஸ்ட்ல இருக்கு."

ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விசிறிக்கு ஆள் வந்தான். செல்வி ஆவலாகப் போய்ப் பார்த்தாள். வந்தவன் பெயின்ட் அடிக்கிறவன். மோட்டார் கருகிக் கிடந்த விசிறியின் கூண்டுக்குப் பளபளவென்று நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். பெயின்ட் நெடியும் மீன் வாடையும் கலந்து குமட்டியது. அவள் வெளியே ஓடிவந்து சாக்கடை ஓரம் துப்பினாள்.

அதோடு போகவில்லை. ஆய்வுக்கு முதல்நாள் விஜயகுமார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "திம்மராயனுக்கு கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கு. நாளைக்கு அவன் ஃப்ளோர்ல நிக்கறது நல்லா இருக்காது. நீங்க சொன்னா கேப்பான். லீவு எடுத்துக்கச் சொல்லுங்க. சம்பளம் புடிக்க மாட்டோம்."

சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்களாம். அதைப் பெரிய தருமம் மாதிரி சொன்னார். அவளுக்கு அந்த மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து வீச வேண்டும் போலிருந்தது. ஆனால் வீசவில்லை. வெளியே வந்து திம்மராயனுக்கு போன் போட்டாள். "நாளைக்கு வராத சாமி. வூட்ல படுத்துக்க" என்றாள். "சரிக்கா, எனுக்கும் முடியல" என்றான் அவன். ஏன் என்று கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அவளுக்குத் தன் கைமேலேயே வெறுப்பு வந்தது. குழாயடியில் போய் நெடுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் ஆய்வுக்கு வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஸ்டோருக்கு வந்ததும் விஜயகுமார் ஏற்கெனவே தேய்த்து மினுக்கி வைத்திருந்த டிரம்மின் பக்கம் அழைத்துப்போனார். செல்வியைப் படிக்கச் சொன்னார்கள். அவள் படித்தாள். ஒரு பிசிறு இல்லாமல், மூட்டு மூட்டாக வந்தது.

"லவ்லி!" என்றாள் அந்த அம்மாள். பிறகு தானும் ஒருமுறை சொன்னாள்: "டைமீதைல்ஃபார்மமைடு."

மீதைல். சாட்சாத் ராமப்பனின் மீதைல். ஆய்வுக்கென்று வந்து பின்னால் நின்றிருந்த மேக்ஸ்வெல்லைச் செல்வி திரும்பிப் பார்த்தாள். அந்த மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "யெஸ் மேடம், டைமீதைல்" என்று குழைந்தார். மூன்று அடி தள்ளி ராமப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இந்த ஆளின் நாக்கை நம்பியா ஊரே கைதட்டியது என்று செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த அம்மாள் நல்லவள்தான் போலிருக்கிறது. செல்வியின் முகத்தைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்டாள். விஜயகுமார் தமிழில் சொன்னார்: "இது உடம்பை என்ன பண்ணும்னு கேக்கறாங்க." அதோடு நிறுத்தாமல், சிரித்த முகத்தோடு, "டிரெயினிங்ல சொன்ன பதில்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஈரலைக் கெடுக்கும். அது அவளுக்குத் தெரியும். கெட்டுப்போன ஈரல் ஒன்று ஜவளகிரியில் படுத்திருப்பதும் தெரியும். வாயைத் திறந்தாள். பாதுகாப்புத் தாளில் உள்ளபடி என்று இரண்டு வாரமாகத் தட்டித் தட்டி ஏற்றிய ஆங்கில வாக்கியம் தானாக வெளியே வந்தது: "ஆஸ் பெர் சேஃப்டி டேட்டா ஷீட், மேடம்."

அந்த அம்மாள் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நீல விசிறி இருந்த பக்கம் யாரும் அவளைக் கூட்டிப்போகவில்லை. மாலையில் தேர்ச்சி என்று செய்தி வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். செல்விக்குச் சால்வை போர்த்தி, சிறந்த உச்சரிப்புக்கான சான்றிதழ் என்று ஒன்றைக் கையில் திணித்துப் படம் பிடித்தார்கள். அவள் வாயில் வைத்த லட்டைக் கைக்குட்டையில் துப்பினாள். வீட்டில் பிரகாசம், "இன்னா, பரிசு வாங்கிகினு வந்து மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற?" என்றான். "என்கிட்ட பேசாத. என்னைப் பார்த்தா எனக்கே சகிக்கல" என்றாள் அவள்.

நான்காம் நாள் காலையில் திம்மராயனின் மனைவி காவேரி போன் செய்தாள். விடியற்காலையிலிருந்து வாந்தி, கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம், டாக்டர் கேட்கிறதற்கு எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று அழுதாள். செல்வி விடுப்புக்குச் சொல்லாமலே பஸ் ஏறினாள்.

வார்டில் திம்மராயன் மஞ்சள் கிழங்கு நிறத்தில் கிடந்தான். இளம் டாக்டர் ஒருவர் எரிச்சலோடு நின்றிருந்தார்.

"என்ன வேலைன்னு கேட்டா மீன் ஊத்தறேன்றார். மீன் கம்பெனியா? குடிப்பாரான்னு கேட்டா குடிக்கவே முடியலைன்றார். ஒண்ணும் புரியல. நீங்க யாரும்மா?"

"கூட வேலை செய்யறவ சார். மீனு இல்ல சார் அது." செல்வி மூச்சை இழுத்துக்கொண்டாள். "எழுதிக்குங்க. டை. மெத்தில். ஃபார்ம். அமைடு. சேர்த்து எழுதணும். இடம் விடக்கூடாது."

டாக்டர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "ஃபார்ம்–அமைடா, அசெட்–அமைடா?"

"ஃபார்ம் சார். எறும்பு."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு கைபேசியில் தேடிப் படிக்கப் படிக்க முகம் மாறியது. "எத்தனை மாசமா? கையுறை உண்டா? காத்தோட்டம்?" என்று வரிசையாகக் கேட்டார். அவள் ஒன்றைக்கூட விடவில்லை. ஐப்பசியில் நின்ற விசிறி, இரண்டாம் நாள் பிய்யும் கையுறை, ஒரு டம்ளர் பீருக்குச் சிவந்த முகம் எல்லாம் சொன்னாள். கடைசியில், "ஆடிட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு இவனை வூட்டுக்கு அனுப்புனாங்க சார். போன் பண்ணி அனுப்புனது நான்தான்" என்றாள். டாக்டர் நோயாளியின் குறிப்பில் அந்தப் பெயரை முழுதாக எழுதி, வேலையிடத்தில் ஏற்பட்ட பாதிப்பு என்று அடிக்கோடிட்டார். செல்வி அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் விஜயகுமார் அவளை நிற்கவைத்துக் கத்தினார். "உங்களை யாரு அங்க போகச் சொன்னது? கம்பெனி சரக்கு பேரை வெளில சொல்ல உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?"

"ஆளு ஆஸ்பத்திரில படுத்துகினு கீறான் சார். நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"பதிலு சொல்லிட்டுத்தான் வந்தன் சார், டாக்டருக்கு. அன்னிக்கு அந்த அம்மாவுக்குச் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னன்." கைபேசியில் இருந்த படத்தை அவர் மேஜைமேல் வைத்தாள். "இதை அந்த அம்மாவுக்கும் அனுப்பிட்டம். சுஜாதா இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா. அந்தம்மா விசிட்டிங் கார்டு ஸ்டோர்ல இருந்துச்சு."

விஜயகுமாரின் முகம் வெளிறியது. ஆத்திரப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ குரலைத் தாழ்த்தி, "என்ன செல்விம்மா, நாம ஒரே குடும்பம் மாதிரி இல்லையா?" என்றார். கத்தியபோது வந்ததைவிட அதிக அருவருப்பு அந்தச் சொல்லில்தான் வந்தது அவளுக்கு. கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பத்து நாளில் விசிறிக்கு மோட்டார் வந்தது. தடித்த கையுறைகள் பெட்டி பெட்டியாக வந்தன. வெளிநாட்டிலிருந்து எழுதிக் கேட்டார்களாம். ஆனால் அறிவிப்புப் பலகையில், 'தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டு நிர்வாகம் தானாக முன்வந்து' என்று போட்டிருந்தார்கள். செல்வி ஒருமுறை படித்துவிட்டு அதன் பிறகு அந்தப் பக்கமே நடக்கவில்லை.

திம்மராயன் பிழைத்துக்கொண்டான். ஏழு வாரம் ஆனது. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மட்டும் மறந்துவிட்டது. அவன் இப்போது ஜவளகிரியில் மாமனாரின் ராகிக் காட்டில் வேலை செய்கிறான். "வயித்து வலி போயிடுச்சுக்கா. ஆனா மீன் கொழம்பு வச்சா எந்திரிச்சு வெளிய போயிடறன். காவேரி திட்டிகினே கீறா" என்று போனில் சொன்னான். அவள் சிரித்தாள்.

சித்திரையில் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் புது ஆட்கள் இருபது பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வேலையைச் செல்வியே செய்யட்டும் என்று விஜயகுமார் சொல்லி அனுப்பினார். கைதட்டல் பாடத்தின் வீடியோவும் கூடவே வந்தது. அவள் வீடியோவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். புது ஆட்களை உலை அறைக்கே கூட்டிப்போய், சுற்றிக்கொண்டிருந்த விசிறியின் கீழே நிறுத்தினாள். டிரம்மின்மேல் விரலை வைத்து நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டினாள். பிறகு தன் உள்ளங்கையைத் தொட்டுக் காட்டி, அங்கிருந்து முழங்கை வழியாக விலாவுக்குக் கீழே ஈரல்வரை விரலால் ஒரு கோடு இழுத்தாள். மொழி தெரியாத அந்த இருபது பேரும் அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்தார்கள். ஒருவன் தன் கையுறையைக் கழற்றி விரலிடுக்குகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கிழிசல் இருந்தது. அவன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கேட்டான்.